நூலக வரி: பெரிய நூலகத்துக்கா, பக்கத்துத் தெருக் கிளைக்கா?

வைகைக்கரை வாசகன்

நேற்று நகராட்சி அலுவலகத்தில் இந்த அரையாண்டுச் சொத்துவரியைக் கட்டிவிட்டு வந்தேன். தமிழ்நாட்டில் சொந்தவீடு உள்ள எல்லோரும் சொத்துவரியோடு சேர்த்து, ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் கட்டுகிறோம். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் ரசீதைப் பார்த்துவிட்டு, "நூலக வரியா, அது எதுக்குங்க?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

2022 ஏப்ரலில் சொத்துவரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். சொத்துவரி ஏறினால் நூலக வரியும் கூடவே ஏறும். அப்படியானால் எங்கள் ஊர் நூலகமும் கொஞ்சமாவது மேலே வந்திருக்க வேண்டும் இல்லையா?

எங்கள் கிளை நூலகம் பழைய ஓட்டுக் கட்டடம். ஐப்பசி பிறந்ததும் நூலகர் செய்யும் முதல் வேலை, ஜன்னலோர அலமாரியில் இருக்கும் கலைக்களஞ்சியத் தொகுதிகளை இறக்கி நடு மேஜையில் அடுக்குவது. யாரோ கொடுத்த பழைய கல்யாண ஃப்ளெக்ஸை அதன்மேல் போர்த்தி, நாலு மூலையிலும் செங்கல் வைப்பார். மேஜை போய்விட்டதால் பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள் மார்கழி வரை நின்றுகொண்டே படிப்பார்கள். கழிப்பறை கிடையாது. அதனால் பெண்கள் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காருவதில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். மதுரை நத்தம் சாலையில் 200 கோடிக்கு மேல் செலவழித்துக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. கோவையில் 300 கோடியில் பெரியார் நூலகமும் அறிவியல் மையமும் என்று 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். திருச்சிக்கும் அறிவிப்பு வந்தது. நூலகங்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: புதிதாகப் பெரிய கட்டடம் அறிவிப்பதை ஐந்து வருடம் நிறுத்திவைத்துவிட்டு, அந்தப் பணத்தில் கிளை நூலகங்களை விரிவாக்க வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேர்வுக்குப் படிப்பவள்

அண்ணா, நீங்கள் நிறுத்தச் சொல்லும் அந்தப் பெரிய நூலகத்தில்தான் நான் படிக்கிறேன். எங்கள் வீடு இரண்டு அறை. ஒன்றில் டிவி, இன்னொன்றில் அண்ணனின் கைக்குழந்தை. குரூப் 2 தேர்வுக்கு வீட்டில் உட்கார்ந்து படிக்க ஆறு மாதம் முயன்றேன், முடியவில்லை. இப்போது காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, இரண்டு பஸ் மாறி நத்தம் சாலைக்கு வருகிறேன். குடிதண்ணீர் இருக்கிறது, சுத்தமான கழிப்பறை இருக்கிறது, நாற்காலி முதுகை வலிக்க வைப்பதில்லை. யார், எதற்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்காமல் நாள் முழுக்க நான் உட்கார்ந்த முதல் ஏசி கட்டடம் அதுதான்.

கோச்சிங் சென்டரில் சேர என் அப்பாவால் முடியாது. என்னைப் போல அங்கே எத்தனையோ பேர். வரிப்பணம் எங்களுக்குச் செலவாகக் கூடாது என்றால் வேறு யாருக்குச் செலவாக வேண்டும்?

கடைத்தெருக்காரர்

நான் அடிப்படையையே கேட்கிறேன். பெரிய நூலகமோ சின்ன நூலகமோ, அதற்கு எல்லோரிடமும் ஏன் வரி வாங்க வேண்டும்?

2022-ல் என் கடைக்குச் சொத்துவரி ஒரேயடியாக இரட்டிப்பானது. கடையைத் திறந்தால் ராத்திரி பத்து மணிக்குத்தான் மூடுகிறேன். பத்து வருடமாக நூலகப் படியேறியதில்லை, ஏற நேரமும் இல்லை. என் கடையில் மூட்டை தூக்கும் அண்ணன் தன் இரண்டு சென்ட் வீட்டுக்கு நூலக வரி கட்டுகிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேர்வுக்குப் படிக்கும் தங்கையின் கஷ்டம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதற்கு அவர் ஏன் பணம் தர வேண்டும்?

இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஏராளமான பழைய புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைபேசி இல்லாத வீடு எங்கே இருக்கிறது? ஊருக்கு நாலு வசதியானவர்கள் இருக்கிறார்கள், நூலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேரும் ஏற்பாடும் இருக்கிறது. விருப்பம் உள்ளவர்கள் கொடுக்கட்டும், பயன்படுத்துகிறவர்கள் கட்டணம் கட்டட்டும்.

பழைய ஏடு

கடைத்தெருக்காரர் ஐயாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும்.

"விருப்பம் உள்ளவர்கள் கொடுக்கட்டும்" என்பதை நாம் செய்து பார்த்தாயிற்று. கோட்டையூர் ரோஜா முத்தையா கதை தெரியும் அல்லவா? விளம்பரப் பலகை எழுதிச் சம்பாதித்த மனிதர், கைக்காசைப் போட்டுத் தமிழ் அச்சுப் புத்தகங்களையும் இதழ்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்ததும் அந்தச் சேகரிப்பைப் பணம் கொடுத்து வாங்கிக் காப்பாற்றியது சிகாகோ பல்கலைக்கழகம். அவர்கள் பெருந்தன்மையாக அதைச் சென்னையிலேயே வைத்ததால் 1994 முதல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நமக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அந்த எண்ணம் வராமல் போயிருந்தால்? தமிழ்நாட்டில் அன்றைக்கு வசதியானவர்களுக்குப் பஞ்சமா?

வரி ஏன் என்பதற்கு வருகிறேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியதில் முன்னின்றார். நூலகத்துக்குச் சட்டம் வேண்டும், அந்தச் சட்டத்தில் வரி வேண்டும் என்று 1930-களிலிருந்தே முயன்றார். கடைசியில் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். வரியைத் தனியாக வைத்ததற்குக் காரணம் மிக எளிது. பட்ஜெட்டில் நூலகத்துக்கு ஒதுக்கச் சொன்னால் அது எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்கும். சாலையும் மருத்துவமனையும் முன்னால் வந்துவிடும், வருவதும் நியாயம். ஆகவே வேறு எதற்கும் எடுக்க முடியாத தனிக் காசாக இருக்கட்டும் என்று ஒதுக்கினார்கள்.

மூட்டை தூக்கும் அண்ணனைச் சொன்னீர்கள். அவருடைய மகன் படிக்கிறானா? அப்படியென்றால் அவன் போய் உட்கார ஓர் இடம் இருப்பதற்காகத்தான் அந்த வரி. கைபேசியில் புத்தகம் இருக்கிறது, உண்மை. அந்தப் பையன் கையில் கைபேசி கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் அவன் புத்தகத்தைத்தான் திறப்பான் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

கடைத்தெருக்காரர்

அவர் மகன் எட்டாவது படிக்கிறான். நீங்கள் சொன்னது மனதில் பட்டது, மறுக்கவில்லை.

ஆனால் "வேறு எதற்கும் எடுக்க முடியாத தனிக் காசு" என்றீர்களே, அது நடக்கிறதா? நூலக வரியை வசூலிப்பது நூலகத் துறை கிடையாது. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிதான் சொத்துவரியோடு சேர்த்து வாங்குகின்றன. வாங்கி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். அங்கே நிலுவை, இங்கே நிலுவை என்று பத்திரிகையில் வருடா வருடம் செய்தி வருகிறது. கோயில் உண்டியலில் போட்ட காசு கோயிலுக்கே போய்ச் சேரவில்லை என்றால், உண்டியலைப் பெரிதாக்குங்கள் என்று கேட்பது சரியா? முதலில் கணக்கைக் காட்டட்டும்.

நொய்யல் ராஜ்

கணக்கு விஷயத்தில் ஐயா சொல்வது சரி. ஆனால் வாசகன் சொல்லும் "பெரிய கட்டடத்தை நிறுத்து" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் கோவைக்காரன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பொது நூலகங்கள் 4,000-க்கும் மேல். கோவைக்கு ஒதுக்கிய 300 கோடியை எல்லோருக்கும் பிரித்தால் நூலகத்துக்கு ஏழரை லட்சம் வரும். ஒருமுறை ஓடு மாற்றி வெள்ளையடித்தால் தீர்ந்தது. அதே 300 கோடி ஒரே இடத்தில் சேர்ந்தால்தான், தனியாள் வாங்க முடியாத பொறியியல், மருத்துவப் புத்தகங்கள் வரும், பார்வையற்றோருக்கு பிரெய்ல் பிரிவு வரும், குழந்தைகளுக்கென்று ஒரு தளமே வரும். ஓட்டுக் கட்டடத்தில் இதையெல்லாம் வைக்க முடியுமா?

1896-ல் கன்னிமாராவைக் கட்டியபோதும் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களில் ஒரு படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் இன்றைக்கு அது ஒன்று. எல்லாம் சென்னைக்கே என்று நூறு வருடம் இருந்தோம். இப்போது மதுரைக்கும் கோவைக்கும் வரும்போது நிறுத்தச் சொன்னால் எப்படி?

வைகைக்கரை வாசகன்

நொய்யல் ராஜ், ஏழரை லட்சம் என்று நீங்கள் அலட்சியமாகச் சொன்ன தொகையை நான் இரண்டு தடவை படித்தேன்.

எங்கள் கிளைக்கு என்ன வேண்டும் என்று வாசகர் வட்டத்தில் போன வருடம் உட்கார்ந்து எழுதினோம். ஓடு மாற்ற வேண்டும், பெண்களுக்கு ஒரு கழிப்பறை, ஓர் ஆழ்துளைக் கிணற்று மோட்டார், இருபது நாற்காலி, நாலு மின்விசிறி. கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டு விலை கேட்டோம். நீங்கள் சொன்ன தொகைக்குள் முடிந்துவிடும், மிச்சத்தில் சிறுவர் புத்தகமும் வாங்கலாம். உங்களுக்கு அது வெள்ளையடிக்கும் காசு. எங்களுக்கு இருபது வருடக் கனவு.

இன்னொன்று. பெரிய கட்டடம் கட்டுவது முதல் செலவுதான். ஏசி, லிஃப்ட், மின்சாரம், ஆட்கள், புதுப் புத்தகம் என்று ஆண்டுதோறும் வரும் செலவை யார் பேசுகிறார்கள்? அமெரிக்காவில் கார்னெகி என்ற பெரிய தொழிலதிபர் ஊர் ஊராக நூலகம் கட்டப் பணம் கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்தார்: நான் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஊர் வரிப்பணத்திலிருந்து ஆண்டுதோறும் நூலகத்துக்கு ஒதுக்குவதாக எழுதிக்கொடுங்கள், அப்போதுதான் தருவேன் என்றார். அந்தக் கணக்கில் பார்த்தால் 300 கோடிக் கட்டடத்துக்கு ஆண்டுக்கு 30 கோடி. அந்தத் தொகை எங்கிருந்து வரும்? எங்கள் ஓட்டுக் கட்டடத்துக்கு வரவேண்டிய காசிலிருந்துதான் எடுப்பார்கள் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

நொய்யல் ராஜ்

அலட்சியமாகச் சொல்லவில்லை, அப்படித் தோன்றியிருந்தால் மன்னியுங்கள். உங்கள் பட்டியலைப் படித்ததும் எனக்கே சங்கடமாகிவிட்டது. அதை மேலே அனுப்பினீர்களா?

வைகைக்கரை வாசகன்

அனுப்பினோம். பதில் வரவில்லை.

ஊர்ப்புற நூலகர், ஓய்வு

எல்லோருடைய பேச்சையும் படித்தேன். முப்பது வருடம் கிராமத்தில் நூலகம் நடத்தியவன் நான். கட்டடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

2006-ல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்று ஒன்று வந்தது. 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு ஊருக்கு ஒரு நூலகம் என்று கட்டினார்கள். வாசகன் தம்பி கேட்கிற மாதிரி, மக்கள் நடந்து போகும் தூரத்தில்தான் கட்டினார்கள். என்ன ஆயிற்று? பல ஊர்களில் கொஞ்ச நாளில் பூட்டு விழுந்தது. எங்கள் பக்கத்து ஊராட்சியில் அந்தக் கட்டடத்துக்குள் ரேஷன் சாக்கு கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். புத்தகம் இருந்தது, அலமாரி இருந்தது. காலையும் மாலையும் திறந்து உட்கார, வாழ்க்கை நடத்தும் அளவுக்குச் சம்பளம் வாங்கும் ஓர் ஆள் இல்லை.

என் கதையும் அதுதான். தொகுப்பூதியத்தில் சேர்ந்தேன், பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம் வந்தது, ஓய்வு வரைக்கும் முழு நூலகர் ஆகவில்லை. பகுதிநேர நூலகத்தில் இருந்தவர்கள் பாடு இதைவிட மோசம், தினக்கூலி. சாயங்காலம் நான் கதவைத் திறக்கும்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று படிக்கட்டில் காத்திருக்கும். சிறுவர் அலமாரியில் இருந்த மொத்தத்தையும் ஒரு கோடை விடுமுறையில் படித்து முடித்துவிட்டு, "சார், வேற?" என்று கேட்டது. என்னிடம் வேறு இல்லை. அடுத்து வந்த கட்டைப் பிரித்தால் எல்லாம் பெரியவர்களுக்கான புத்தகம். எந்தப் புத்தகம் வரும் என்பதை மேலே முடிவு செய்வார்கள், எங்களைக் கேட்க மாட்டார்கள். அந்தப் பிள்ளை கொஞ்ச நாள் வந்து பார்த்தது, அப்புறம் வருவதை நிறுத்திவிட்டது.

எங்கள் ஊரில் வீட்டுவரி 150 ரூபாய் கட்டினால் நூலக வரி 15 ரூபாய். அந்த 15 ரூபாயைக் கட்டிய பாட்டி ஒருத்தர் நூலகத்துக்கு வந்து, "நானும் காசு கட்டியிருக்கேன் தம்பி, செத்த நேரம் உக்காந்துக்கிறேன்" என்று ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். தினமும் வருவார். பேப்பரில் உள்ள படங்களைப் பார்ப்பார். அவருக்கும் எழுத்து தெரியாது, கடைத்தெருக்காரர் ஐயா. ஆனால் அது தன்னுடைய இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1931-லேயே மன்னார்குடிப் பக்கம் இரட்டை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அதைத் தொடங்கி வைத்தவர் அதே ரங்கநாதன்தான். கட்டடமே இல்லை, வண்டியும் ஓர் ஆளும் இருந்தார்கள், நூலகம் நடந்தது. ஆகவே விரிவாக்கம் என்று கேட்டால் முதலில் காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லுங்கள். கல்லும் சிமெண்டும் பிறகு வரட்டும்.

பழைய ஏடு

ஐயா, வணக்கம். அந்தப் பிள்ளையை நினைத்தால் மனது கனக்கிறது.

வாசகனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரிய நூலகத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது, 2011 நவம்பரில் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. எழுத்தாளர்கள், மாணவர்கள் என்று பலரும் குரல் கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இன்றைக்கும் அது நூலகமாகவே இருக்கிறது. எல்லோர் கண்ணிலும் படும் இடம் என்பதால்தான் அந்தக் குரல் எழுந்தது. ரேஷன் சாக்கு கிடந்த ஊராட்சி நூலகத்துக்காக யார் வழக்குப் போட்டார்கள்?

வைகைக்கரை வாசகன்

நீங்கள் சொன்னதையே நான் திருப்பிப் பார்க்கிறேன். கிளை நூலகம் மூடினால் குரல் கொடுக்க ஆள் இல்லை என்றால், வரிப்பணமாவது அதன் பக்கம் நிற்க வேண்டாமா?

தேர்வுக்குப் படிப்பவள்

இரண்டு நாளாக இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரிலும் ஒரு கிளை நூலகம் இருக்கிறது. நான் அங்கே போகாததற்குக் காரணம் புத்தகம் அல்ல, கழிப்பறை இல்லாததுதான். ஒரு கழிப்பறையும் மாலை எட்டு மணி வரை எரியும் விளக்கும் இருந்தால், நான் வாரத்துக்கு ஒருநாள் மதுரைக்கு வந்தால் போதும். பஸ் செலவும் இரண்டரை மணி நேரமும் மிச்சம். எங்கள் தெருவில் இன்னும் மூன்று பேர் படிக்கிறார்கள், மதுரை வரை அனுப்ப அவர்கள் வீட்டில் சம்மதிப்பதில்லை. அந்த மூவருக்கும் நத்தம் சாலை நூலகம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆனாலும் அண்ணா, பெரியதை நிறுத்துங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். திருச்சிப் பக்கம் என்னைப் போல ஒருத்தி இப்போது அதற்காகக் காத்திருப்பாள்.

வைகைக்கரை வாசகன்

சரிம்மா. "ஐந்து வருடம் நிறுத்துங்கள்" என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பெரிய நூலகத்துக்கு ஒதுக்கும்போதே அந்த மாவட்டக் கிளைகளுக்கும் அதே அறிவிப்பில் ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

கடைத்தெருக்காரர்

வரியே வேண்டாம் என்ற என் கருத்து முழுதாக மாறவில்லை. ஆனால் கட்டிய காசு எங்கே போனது என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோமா? பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் பேசி நாலு பேரைத் தனித்தனியாக மனுப் போடச் சொல்கிறேன்.

வைகைக்கரை வாசகன்

மிக்க நன்றி ஐயா. நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு நான் எழுதிய வரைவு இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"2022–23 முதல் இன்றுவரை ஒவ்வொரு நிதியாண்டிலும் வசூலான நூலக வரி எவ்வளவு? அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்திய தொகை எவ்வளவு, எந்தெந்தத் தேதியில்? இன்னும் செலுத்த வேண்டிய நிலுவை எவ்வளவு?"

ஊர்ப்புற நூலகர், ஓய்வு

வரைவு நன்றாக இருக்கிறது. மாவட்ட நூலக அலுவலகத்துக்கும் தனியாக ஒன்று போடுங்கள் தம்பி. அதில் இதைக் கேளுங்கள்: மாவட்டத்தில் நூலகர் பணியிடம் மொத்தம் எத்தனை, அதில் காலி எத்தனை, ஒவ்வொன்றும் எந்த ஆண்டிலிருந்து காலி. நான் ஓய்வு பெற்ற நூலகத்தின் பெயரும் அந்தப் பட்டியலில் வரும்.